நூலகர் படிக்காத பழந்தமிழ் நூல்கள்: எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கடலோர ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகத்துக்கு வருகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நூலகர்களும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: பழைய நூல்களில் நீங்கள் எவ்வளவு படித்திருக்கிறீர்கள், படிக்காததை என்ன செய்கிறீர்கள்? அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நூலகர்தானே, இங்கே இருப்பதையெல்லாம் படித்திருப்பீர்களே?

இல்லை. படித்தது கொஞ்சம், படிக்காதது நிறைய. நூலக அறிவியல் படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவது வகைப்பாடு, பட்டியல் தயாரிப்பு, நிர்வாகம். டூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண் போடத் தெரிந்தால், பரிபாடலைத் திறந்தே பார்க்காமல் அதற்குரிய தட்டில் வைத்துவிடலாம். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நூலகராக வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது வணிகவியல். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்களோடுதான் இந்த வேலைக்கு வந்தேன்.

சரி, எதையெல்லாம் படிக்கவில்லை?

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 41 நூல்களைச் செவ்வியல் நூல்களாக எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் அகப்பொருள் எல்லாம் சேர்ந்து 41.

இவற்றில் முதலிலிருந்து கடைசிவரை நான் படித்தவை திருக்குறள், நாலடியார், குறுந்தொகை, நற்றிணை, சிலப்பதிகாரம். பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பட்டினப்பாலையும். முல்லைப்பாட்டு 103 அடிதான், ஒரே மூச்சில் முடிக்கலாம். மதுரைக்காஞ்சி 782 அடி. தொடங்கி நடுவில் நிற்கிறது. அகநானூறும் புறநானூறும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பதிற்றுப்பத்து, பரிபாடல் இரண்டையும் படிக்கவில்லை. கீழ்க்கணக்கு பதினெட்டில் பாதிக்கு மேல் எனக்குப் பெயர்தான் தெரியும். தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தை உரையோடு கொஞ்சம் பார்த்திருக்கிறேன், எழுத்ததிகாரத்துக்கும் சொல்லதிகாரத்துக்கும் போகவில்லை.

அந்த 41-க்கு வெளியே வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. சீவக சிந்தாமணி 3145 செய்யுள். பெரியபுராணம், வில்லிபாரதம், நாலாயிர திவ்வியப் பிரபந்தம் என்று எல்லாமே கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

இதையெல்லாம் வெளியே சொன்னால் மரியாதை போய்விடாதா?

புதிதாக வருகிற நூலகர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் உ.வே. சாமிநாதையர்.

1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சேலம் இராமசாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கத் தைரியம் உண்டு என்று பதில் சொல்கிறார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவரிடம் கொடுக்கிறார்.

இதையெல்லாம் ஐயரே தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. படித்ததில்லை என்று அன்றைக்கு அவர் நேராகச் சொன்னதால்தான் அந்தப் பிரதி அவர் கைக்கு வந்தது.

இதில் எனக்கு இன்னொரு பாடமும் உண்டு. சிந்தாமணி சமண நூல். எத்தனை முறை படித்தாலும் பிடிபடாத இடங்களுக்கு ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். அவர்களுக்கு அது பாராயண நூல், வாழ்க்கையோடு கலந்தது. ஒரு நூல் எந்த மக்களுடைய வாழ்க்கைக்குள் இருக்கிறதோ அவர்களிடம் போய்க் கேட்கலாம் என்ற துணிவு எனக்கு அங்கிருந்து வந்தது. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

நூலகர் படிக்காவிட்டால் வாசகருக்கு என்ன நட்டம்? புத்தகம் தட்டில் இருக்கிறதே?

புத்தகம் தட்டில் இருக்கும். அதை யார் எடுப்பார்கள்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூலகப் படிப்பில் முதல் வாரமே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டையும் நடுவில் நின்று சேர்த்து வைக்க வேண்டியவர் நூலகர். நற்றிணையில் என்ன இருக்கிறது என்று தெரியாத நூலகரிடம் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வந்து, “மேடம், கடலப் பத்தி எழுதணும், ஏதாவது இருக்கா?” என்று கேட்டால், பொது அறிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து அனுப்புவார். பிள்ளையும் கடலின் பரப்பளவை எழுதிக்கொண்டு போகும். தன் ஊர்க் கடற்கரையைப் பற்றியே பழைய பாட்டு ஒரு கட்டு இருப்பது அதற்குத் தெரியாமலே போய்விடும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இரவல் பதிவேட்டில்கூட அது நட்டமாகத் தெரியாது.

சாதாரண வாசகர் ஒரு நூலைப் படிக்கவில்லை என்றால் அது அவரோடு போயிற்று. நூலகர் படிக்காவிட்டால் அந்த ஊரில் பலருக்கு அந்த நூல் இல்லாத மாதிரிதான். அதனால் எந்த இடைவெளியை முதலில் அடைப்பது என்பதை என் விருப்பத்தை வைத்து நான் தீர்மானிப்பதில்லை. யார் இங்கே வருகிறார்கள், அவர்கள் காலடியில் எந்த நூல் கிடக்கிறது என்று பார்க்கிறேன். பரிபாடலை இன்னும் தொடாததற்கு அதுதான் காரணம். வைகையும் திருப்பரங்குன்றமும் வருகிற நூல் அது. மதுரைப் பக்கத்து நூலகர் முதலில் படிக்கட்டும்.

எங்கே தொடங்கினீர்கள்?

நெய்தலில். கடலும் கடல் சார்ந்த இடமும் என்று பள்ளியில் ஒரு வரி படித்துவிட்டு எல்லாரும் கடந்து போகிற திணை. எங்கள் ஊரோ அந்தத் திணைக்குள்ளேயே இருக்கிறது. தாழையும் புன்னையும் அடும்பங்கொடியும் உப்பு விளைகிற பாத்தியும் எந்தப் பிள்ளைக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

நற்றிணை 45-ஆம் பாட்டைச் சொல்கிறேன். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பெரிய ஊர்ப் பணக்காரன் ஒருவன் மீனவப் பெண்ணைத் தேடி வருகிறான். தோழி அவனை நிறுத்திப் பேசுகிறாள். இவள் நீலக் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிற பரதவர் மகள். நீயோ கொடி பறக்கிற கடைத்தெரு உள்ள பழைய ஊரில் தேர் ஓட்டுகிற செல்வனின் மகன். கொழுத்த சுறாவை அறுத்துக் காயப் போட்டு, அதைக் கொத்த வரும் பறவைகளை விரட்டிக்கொண்டு இருக்கிற எங்களுக்கு உன் அழகால் ஆகப் போவது என்ன? அப்புறம் சொல்கிறாள்: “புலவு நாறுதும், செல நின்றீமோ.” எங்கள் மேல் மீன் வாடை வீசும், தள்ளி நில். கடலில் விளைவதை நம்பிய எங்கள் சின்ன நல்ல வாழ்க்கை உன்னுடையதோடு ஒத்து வராது. எங்களுக்குள்ளேயே உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பாட்டை நூலகத்தில் பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவர். விரல் இடுக்கெல்லாம் உப்பு அரித்த தழும்பு. முதல் தடவை பேசாமல் கேட்டார். பொருள் சொல்லி மறுபடி படித்தபோது, “சுறாவ அறுத்துப் போட்டா காக்கா மட்டுமா வரும், பருந்தும் வரும். ஒரு ஆளு கம்போட அங்கனயே நிக்கணும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பிள்ள சரியாத்தான் பேசியிருக்கு. எங்க வீட்டுப் பிள்ளையத் தேடி அப்படி ஒருத்தன் வந்தா நாங்களும் இதத்தான் சொல்லுவோம்” என்றார். இந்தப் பாட்டை ஏழ்மையின் தாழ்வாகவும் படிக்கலாம், குத்தலாகவும் படிக்கலாம். பாட்டிக்கு அதில் சந்தேகமே இல்லை. அது ரோசம். கடைசி அடியில் வரும் செம்மல் என்ற பெருமிதத்தோடு அவர் சொன்னது கச்சிதமாகப் பொருந்துகிறது. கும்பகோணத்தில் ஐயர் கதவைத் தட்டிய வீடுகளைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, எங்கள் ஊரில் அந்த வீடுகள் கடற்கரையில் இருக்கின்றன.

அகநானூறு பெரிய நூல். கடற்கரைப் பாட்டு மட்டும் வேண்டுமென்றால் எப்படித் தேடுவது?

இதற்கு ஒரு நல்ல வழி நூலிலேயே இருக்கிறது. அகநானூற்றின் 400 பாட்டையும் தொகுத்தவர்கள் எண்ணை வைத்தே திணையைப் பிரித்துவிட்டார்கள். 1, 3, 5 என ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4-இல் முடிந்தால் முல்லை, 6-இல் முடிந்தால் மருதம். 10, 20, 30 என்று முடிகிறவை எல்லாம் நெய்தல். ஆக 40 பாட்டு. பொருளடக்கம் கூட வேண்டாம். ஒரு நூலகராக எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மதிப்பு உண்டு.

ஐங்குறுநூற்றில் இன்னும் எளிது. 101 முதல் 200 வரை முழுக்க நெய்தல், பாடியவர் அம்மூவனார், ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடிதான். பழக்கமில்லாதவர்கள் அங்கேயே தொடங்கலாம். கலித்தொகையில் கடைசி 33 பாட்டு நெய்தற்கலி; நல்லந்துவனார் பாடியவை.

அகநானூற்றில் ஒரே ஒரு பாட்டுத்தான் படிக்க நேரம் உண்டென்றால் 70-ஆம் பாட்டைப் படியுங்கள். மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. காதலர் இருவரைப் பற்றி ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. திருமணம் உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. எப்படி அடங்கியது? பாண்டியரின் பழைய கோடிக் கரையில் இராமன் தன் ஆட்களோடு மறைவாக ஆலோசிக்கும்போது, பறவைகளின் இரைச்சல் மிகுந்த ஆலமரம் அவனுக்காக ஒலி அடங்கியது போல. “வென்வேற் கவுரியர் தொன்முது கோடி” என்று வரும் அந்தக் கோடி நம் தனுஷ்கோடி என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கம்பனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய பாட்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊராக மட்டும் தனுஷ்கோடியை அறிந்திருக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பாட்டைப் படித்துக் காட்டுவதை என் வேலையின் முக்கியமான பகுதியாக நினைக்கிறேன்.

ஐங்குறுநூற்றில் ‘தொண்டிப் பத்து’ என்று இருக்கிறதே, அது நம்ம தொண்டியா?

தொண்டிக்காரர்கள் ஆசையாகக் கேட்பார்கள். அந்தப் பத்தில் வருவது மேலைக் கடற்கரையில் சேரருக்கு இருந்த தொண்டி என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் வருத்தப்பட வேண்டாம். சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில், தொண்டியோர் கப்பலில் அனுப்பிய அகில், துகில், சந்தனம், கருப்பூரம் எல்லாவற்றின் மணத்தையும் சுமந்துகொண்டு கொண்டல் காற்று மதுரைக்குள் நுழைவதாக ஒரு இடம் உண்டு. கொண்டல் கிழக்கிலிருந்து அடிப்பது. மதுரைக்குக் கிழக்கே உள்ள தொண்டி நம்முடையதுதான்.

சீறாப்புராணம் படித்துவிட்டீர்களா?

விலாதத்துக் காண்டத்தை முடித்துவிட்டேன். நுபுவ்வத்துக் காண்டத்தில் இருக்கிறேன். ஹிஜ்ரத்துக் காண்டம் பாக்கி. நபிகளாரின் வாழ்க்கையை உமறுப்புலவர் பாடிய காப்பியம் இது. மொத்தம் 5027 செய்யுள், அவசரப்படக் கூடாத நூல்.

இந்த இடைவெளியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் செவ்விலக்கியம் படித்தேன் என்கிறவர்கள் பலரிடமும் இதே இடத்தில் ஓட்டை இருக்கிறது. பள்ளியில் உமறுப்புலவர் பற்றி இரண்டு வரி, மானுக்குப் பிணை நின்ற செய்யுள் சில, அதோடு சரி. இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு அதை விடுவது நியாயமே இல்லை. உமறுப்புலவர் எட்டயபுரத்துக்காரர், 17-ஆம் நூற்றாண்டு. அவரைப் பாடச் சொல்லி ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அவரேதான். நூல் முடியும் முன்பே சீதக்காதி காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நபிகளாரின் வாழ்க்கை முழுவதையும் உமறு பாடி முடிக்கவில்லை. மீதியைப் பின்னால் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.

படிக்கத் தொடங்கியதும் என்னைக் கட்டிப் போட்டது நாட்டுப் படலம். அரபு நாட்டை வர்ணிக்க வந்த புலவர் மலையில் மழையைப் பெய்ய வைத்து, ஆற்றை இறக்கி, வயலில் நாற்று நட வைத்துவிடுகிறார். கம்பன் கோசலத்துக்குச் செய்ததை உமறு மக்காவுக்குச் செய்கிறார். தமிழில் காப்பியம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்ற மரபை அவர் அவ்வளவு உள்வாங்கியிருக்கிறார். இதைக் கம்பனோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். தனி அலமாரியில் ஒதுக்கி வைக்கிற வழக்கம் சில நூலகங்களில் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் நூலகத்தில் காப்பியங்களோடுதான் நிற்கிறது.

அரபுச் சொற்கள் வரும் இடங்களில் தடுக்கும்போது, ஓய்வு பெற்ற மரைக்காயர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வேன். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு நாளிதழ் படிக்க வருகிறவர். “இந்த எடத்துல நபிமாருக வரிசை வருதும்மா” என்று தொடங்கினால் ஒரு செய்யுளுக்கு அரை மணி நேரம் போகும். அவர் சிறு வயதில் வீட்டில் பெரியவர்கள் ராகம் போட்டுச் சீறா படித்ததைக் கேட்டு வளர்ந்தவர். பொருள் சொல்லும் முன்னால் பாடிக் காட்டுவார். எழுத்தில் கரடுமுரடாகத் தெரிந்த அடி காதில் விழும்போது தானாகப் பிரிந்துவிடுகிறது.

பக்தி இலக்கியம்?

தேவைக்கு ஏற்பத்தான். ராமேசுவரத்துக்குச் சம்பந்தரும் அப்பரும் பாடியவை, திருவாடானைக்குச் சம்பந்தர் பாடியது, திருப்புல்லாணிக்குத் திருமங்கையாழ்வார் பாடியவை, இவற்றைப் படித்திருக்கிறேன். புல்லாணிப் பாசுரத்தில் “காவார் மடற்பெண்ணை” என்று பனைமரம் வந்து நிற்கும். ராமநாதபுரம் பக்கம் வந்தவர்களுக்குப் பனையைச் சொல்லவா வேண்டும்? திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் உத்தரகோசமங்கைக்கு அரசே என்று மாணிக்கவாசகர் மறுபடி மறுபடி அழைப்பார். தாயுமானவர் சமாதி ராமநாதபுரத்திலேயே இருக்கிறது, அவர் பாடல்களில் பராபரக்கண்ணியோடு நிற்கிறேன். பன்னிரு திருமுறையும் நாலாயிரமும் முழுக்கப் படிப்பது இப்போதைக்கு என் திட்டத்தில் இல்லை.

கம்பராமாயணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிறதே?

ஆமாம், ஆறு காண்டம். வரிசையாகப் படித்தால்தான் படித்ததாகக் கணக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் சுந்தர காண்டத்தை முழுதாகப் படித்தேன், பிறகு யுத்த காண்டத்தில் கடல் காண் படலம், வருணனை வழி வேண்டு படலம், சேது பந்தனப் படலம். இந்த மூன்றும் நடக்கும் இடம் நம் கரை. ராமேசுவரம் தீவிலிருந்து வரும் வாசகர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இவற்றைத்தான். பால காண்டத்தில் தொடங்கி ஆற்றுப் படலத்தோடு மூடி வைத்தவர்கள் நிறையப் பேர்.

மூலத்தைப் படிப்பதா, உரையைப் படிப்பதா?

இரண்டையும், ஆனால் சந்தி பிரித்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். சொற்கள் ஒட்டியே இருக்கும் பழைய பதிப்பை முதல் முறை படிக்கிறவருக்குக் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்துவிட்டு, பழந்தமிழ் கடினம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார் என்று சொல்வது சரியல்ல. முதலில் பாட்டை வாய்விட்டு ஒருமுறை, பிறகு உரை, பிறகு மறுபடி பாட்டு. தெரியாத சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. ஆள், ஊர், கதைக் குறிப்புகளுக்கு 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி இன்றைக்கும் உதவும்.

போட்டித் தேர்வுக்கு நூல் பெயரும் ஆசிரியர் பெயரும் தெரிந்தால் போதாதா?

தேர்வுக்குப் போதும். எங்கள் நூலகத்தில் காலையில் வந்து உட்கார்ந்து இரவு பூட்டும்வரை படிக்கும் தம்பி தங்கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டுக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடியவர் அம்மூவனார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர், அம்மூவனாரின் ஒரு பாட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இது எனக்குப் பெரிய மனக்குறை. இந்த இடைவெளி கண்ணுக்கே தெரிவதில்லை, ஏனென்றால் விடை சரியாக இருக்கிறது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் ஆசிரியர் பெயரை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய், அவருடைய மிகச் சிறிய பாட்டு ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். மூன்று அடிதான். சிலர் படிக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பொத்துகிற வேலை, எஞ்சின் வேலை போக, நூலகத்துக்கு ஆள் வரத்து கூடும் நாட்கள் அவை. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் வழக்கம்போல் போய்வருவார்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கும்போது அவர்களும் கரையில்தான். அப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் நாளிதழும் நாவலும் கேட்பார்கள். நெய்தல் பாட்டை யாரும் கேட்டு வருவதில்லை. நான்தான் கொடுக்கிறேன், அதற்கு நான் படித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் இந்த நூல்கள் இல்லையே?

கேளுங்கள். கிளை நூலகத்தில் இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கலாம். நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கைபேசியில் படிக்க முடியும் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கும்.

ராமநாதபுரத்துக்காரரான பாண்டித்துரைத் தேவர் மதுரையில் பேசப் போனபோது குறளும் கம்பனும் வேண்டுமென்று கேட்டு, ஊரில் கிடைக்காமல் மனம் நொந்தார் என்பார்கள். அதன் பிறகுதான் பாஸ்கர சேதுபதியின் துணையோடு 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. கேட்ட நூல் கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து எதைப் படிக்கப் போகிறீர்கள்?

சீறாவின் மீதியை. அதோடு நெய்தற்கலியை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை உரக்க. பிறகு அகநானூற்றின் 40 நெய்தல் பாட்டில் விட்டுப்போனவை. சிந்தாமணி அதற்கும் பிறகுதான். இவற்றில் எதையாவது நீங்கள் முழுதாகப் படித்தவராக இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது ராகத்தோடு படிக்கத் தெரிந்தவராக இருந்தால், ஒரு நாள் நூலகத்துக்கு அழைத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.